மெமரி ஃபோம் எதை நினைவில் வைத்திருக்கிறது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள எங்கள் பகுதியில் ஒரே வீட்டுக்குள் மூன்று காலத்துப் படுக்கைகளைக் காணலாம். திண்ணையில் பன்பாய், பெரியவர்களின் கட்டிலில் தும்பு மெத்தை, பிள்ளைகளின் அறையில் நுரை மெத்தை. கிழக்கு மாகாணத்துப் பெண்கள் பன்புல்லை வெட்டிக் காயவைத்து, சாயமிட்டு, பாய் இழைப்பதில் பேர் பெற்றவர்கள். பாய்க்குப் பிறகு இலவம் பஞ்சும் தென்னந் தும்பும் வந்தன. நபி (ஸல்) அவர்களின் விரிப்பு பதனிட்ட தோலால் ஆனது என்றும், அதனுள் ஈச்சமர நார் நிரப்பப்பட்டிருந்தது என்றும் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். பாலைவனத்தில் ஈச்சமர நார், நமது கரையில் தென்னந் தும்பு. எந்த ஊரில் எது விளைந்ததோ அதன் மேல் அந்த ஊர் உறங்கியது.

இப்போது கடைத்தெருவில் புதிய பெயரொன்று அடிபடுகிறது: மெமரி ஃபோம். "இது உங்கட உடம்ப ஞாபகம் வெச்சிக்கொள்ளும்" என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். விண்வெளிக்குப் போனவர்களுக்காகச் செய்யப்பட்டது என்றும், முதுகுவலி முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. விலையோ சாதாரண மெத்தையைப் போலப் பல மடங்கு.

எங்கள் வீட்டில் இது வெறும் கடைப்பேச்சாக இருக்கவில்லை. சென்ற வருடம் என் வாப்பும்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு ஆனார். கத்தாரில் இருக்கும் சாச்சா, "காசப் பத்தி யோசிக்காதீங்க, மெமரி ஃபோம் மெத்த ஒண்டு வாங்குங்க" என்று தொலைபேசியில் சொன்னார். வாப்பா என்னைப் பார்த்து, "நீ சயன்ஸ் படிக்கிற புள்ள. வாப்பும்மாக்கு இது சரி வருமா எண்டு பார்த்துச் சொல்லு" என்றார். உயர்தர வகுப்பில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்கும் எனக்கு, பாடப்புத்தகத்தில் உள்ளதை வீட்டுக் கட்டிலோடு பொருத்திப் பார்க்கக் கிடைத்த வேலை அது. தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் தோழியருக்காக இங்கே தொகுத்திருக்கிறேன்.

விமான ஆசனத்தில் பிறந்தது

மெமரி ஃபோமின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1966ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்காகச் சார்ள்ஸ் யோஸ்ட் என்ற பொறியியலாளர் புதுவகை நுரையொன்றை உருவாக்கினார். விமானம் விபத்துக்குள்ளாகும்போது ஆசனத்தில் இருப்பவரின் உடலில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவதும், நீண்ட பயணத்தில் அவர் களைத்துப் போகாமல் பார்ப்பதும் அதன் நோக்கங்கள். அமுக்கினால் மெதுவாக உள்வாங்கி, கையை எடுத்தால் மெதுவாகத் திரும்பி வரும் நுரை அது.

ஆகவே விண்வெளி வீரர்கள் மெமரி ஃபோமில் தூங்கினார்கள் என்ற பேச்சு பொருத்தமற்றது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நிறையே உணரப்படுவதில்லை. அங்கே உறங்குபவர்கள் சுவரில் கட்டிய பைக்குள் நுழைந்துகொள்கிறார்கள். அமுக்குவதற்கு எடை இல்லாத இடத்தில் மெத்தைக்கு வேலை இல்லை.

1980களின் தொடக்கத்தில் நாசா இந்தத் தொழில்நுட்பத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. ஆனால் அதை ஒரே சீராகத் தொழிற்சாலையில் செய்வது எளிதாக இருக்கவில்லை. விடாமல் முயன்றவர்களுள் சுவீடனின் ஃபாகர்டாலா நிறுவனம் வென்றது. 1991இல் அந்நிறுவனம் தன் மெமரி ஃபோம் மெத்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குளிர்நாடு ஒன்றில் மெத்தையானது என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

பாண் பொங்குவது போல

நுரை மெத்தைகளில் பெரும்பாலானவை பொலியூரெதேன் என்னும் பல்பகுதியத்தால் ஆனவை. ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ பேயர் 1937இல் இதன் இரசாயனத்தைக் கண்டறிந்தார். பொலியோல் என்ற திரவமும் ஐசோசயனேற்று என்ற திரவமும் தாக்கமுற்று நீண்ட சங்கிலிகளாகப் பின்னிக்கொள்கின்றன. கலவையில் சிறிதளவு நீரும் சேர்க்கப்படும். நீர் ஐசோசயனேற்றுடன் தாக்கமுறும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளிவருகிறது. அந்த வாயுக் குமிழிகளே கலவையைப் பொங்கச் செய்கின்றன. மாவில் ஈஸ்ட் வெளிவிடும் இதே வாயுவால்தான் பாண் பொங்குகிறது. பாணை வெட்டினால் தெரியும் துளைகளையும் நுரையை வெட்டினால் தெரியும் துளைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உறவு புரியும்.

சாதாரண நுரைக்கும் மெமரி ஃபோமுக்கும் இடையிலான வேறுபாடு பொலியோலில் இருக்கிறது. சாதாரண நுரையில் சங்கிலிகள் நீளமானவை. எனவே அவை தாராளமாக அசையும். மெமரி ஃபோமில் குட்டையான சங்கிலிகளும் கலக்கப்படுகின்றன. குறுக்குப் பிணைப்புகள் நெருங்கி வருவதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசி, தயங்கித் தயங்கித்தான் நகரும். அந்தத் தயக்கம்தான் கைக்கு மெதுவான எழுச்சியாகத் தெரிகிறது.

வில்லும் பாணியும் சேர்ந்தால்

ஹூக்கின் விதியை நாம் அறிவோம். வில்லை இழுத்தால் நீளும், விட்டால் உடனே பழைய நிலைக்கு வரும். இது மீள்தன்மை. மறுபக்கம் கித்துள் பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டியை அழுத்தினால் மெதுவாக விலகிக் கொடுக்கும், பழைய வடிவத்துக்குத் தானாக வராது. இது பாகுத்தன்மை. இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தால் எப்படி இருக்கும்? பரோட்டாவுக்குப் பிசைந்து ஊறவைத்த மாவில் விரலால் குத்திப் பாருங்கள். குழி விழும், பின்பு ஓரளவு மெல்ல மெல்ல நிரம்பி வரும். மெமரி ஃபோமும் இவ்வாறு பாகும் மீளும் கலந்த பொருள்தான். மாவில் குழி முழுமையாக நிரம்பாது. நல்ல மெமரி ஃபோமில் முழுமையாக நிரம்பிவிடும்.

இப்போது பெயருக்கு வருவோம். இந்த நுரை உங்கள் உடம்பை நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் எழுந்த சில வினாடிகளில் உங்கள் அச்சு மறைந்துவிடும். அது நினைவில் வைத்திருப்பது வார்க்கப்பட்டபோது தனக்கிருந்த வடிவத்தை மட்டுமே. ஒரு வருடம் கழித்தும் உங்கள் அச்சு மெத்தையில் பள்ளமாகத் தங்கியிருந்தால், அந்த நுரை தன் வடிவத்தை மறந்துவிட்டது, அதாவது பழுதாகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு குணமும் உண்டு. வெப்பநிலைக்கு ஏற்ப இது மாறும். ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும் ஒரு கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை இருக்கிறது. அதற்குக் கீழே பொருள் கண்ணாடி போல விறைத்திருக்கும், மேலே இறப்பர் போல நெகிழும். இயற்கை இறப்பருக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ். சாதாரண நுரைக்கும் பூச்சியத்துக்கு வெகு கீழேதான். ஆகவே இலங்கையில் எந்த ஊரிலும் அவை விறைப்பதில்லை. மெமரி ஃபோமில் மட்டும் அந்த மாற்றம் அறை வெப்பநிலையை ஒட்டி நிகழுமாறு வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள். மாற்றம் நடக்கும் எல்லைக்குள்தான் தயக்கம் மிக அதிகமாக இருக்கும்.

கடையில் கேட்டு வாங்கிய கையளவு மாதிரித் துண்டை வைத்து இதைச் சோதித்தேன். சாதாரண வெப்பநிலையில் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தால் சில வினாடிகளில் குழி மறைந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபோது துண்டு தடித்த தோல் போல விறைத்திருந்தது. குழி நிரம்ப நெடுநேரம் எடுத்தது. பின்பு பொலித்தீன் பையில் சுற்றி இளஞ்சுடு நீரில் மிதக்கவிட்டேன். இம்முறை அது சாதாரண பஞ்சு நுரை போல உடனே துள்ளி எழுந்தது. ஒரே துண்டு, மூன்று குணங்கள். பாடசாலை ஆய்வுகூடத்திலும் இதை எளிதாகச் செய்து காட்டலாம்.

மெத்தையின் அடுக்குகள்

"முழுக்க மெமரி ஃபோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் படுப்பவர் அடிவரை புதைந்து, கட்டிற் பலகையில் போய் முட்டுவார். வடிவமைப்பாளர்கள் மெத்தையை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். அடியில் தடித்த, உறுதியான சாதாரண பொலியூரெதேன் நுரை அல்லது சுருள்வில் தொகுதி. இது பாரத்தைத் தாங்கும். மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை மெமரி ஃபோம். இது உடலின் வளைவுகளுக்கு இடங்கொடுக்கும். சில மெத்தைகளில் இரண்டுக்கும் நடுவே இடைத்தரமான நுரை ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் போர்த்தி நெகிழும் துணியுறை.

தரத்தை அறிய இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று அடர்த்தி. மெமரி ஃபோமின் அடர்த்தி பொதுவாக ஒரு கன மீற்றருக்கு 40 முதல் 80 கிலோகிராம் வரை இருக்கும். மலிவான சாதாரண நுரை இதில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். அடர்த்தி கூடினால் நுரை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் வெப்பத்தையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும். 10 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மாதிரித் துண்டு கிடைத்தால் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 25 கிராம் காட்டினால் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 50 கிலோகிராம். இரண்டாவது அளவு கடினம், அதாவது குறிப்பிட்ட ஆழத்துக்கு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. அடர்த்தியும் கடினமும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அடர்த்தி கூடிய நுரை மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கடினமாகவும் இருக்கலாம்.

சுவீடனின் அறையும் திருமலையின் அறையும்

சுவீடனில் படுக்கையறை வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெத்தை முழுவதும் சற்று விறைப்பாகவே இருக்கும். ஒருவர் படுத்ததும் தோளும் இடுப்பும் அதிகம் அழுத்தும் இடங்களில் உடற்சூடு நுரைக்குள் இறங்கும். அங்கே மட்டும் நுரை இளகும். உடல் தொடாத பகுதிகள் விறைப்பாக நின்று தாங்கும். தேவையான இடத்தில் இளகி, மற்ற இடத்தில் உறுதியாக நிற்பதே இந்த வடிவமைப்பின் அழகு.

இனித் திருகோணமலைக்கு வருவோம். வருடச் சராசரியே 28 பாகை அளவில். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் பகலில் 33 பாகையையும் தாண்டும். பகலெல்லாம் சூடேறிய கொங்கிரீட் கூரை இரவிலும் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். அத்தகைய அறையில், யாரும் படுப்பதற்கு முன்பே மெத்தை முழுவதும் இளகியிருக்கிறது. எந்த இடம் இளக வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. படுப்பவர் ஒரே சீராகப் புதைகிறார். அதே மெத்தையை நுவரெலியாவுக்குக் கொண்டு போனால் தை மாதக் குளிரில் முதற் சில நிமிடம் பலகையில் படுத்தது போல இருக்கும். தேங்காயெண்ணெய் இங்கே திரவமாகவும் அங்கே கட்டியாகவும் இருப்பதைக் கண்ட நமக்கு இது வியப்பாகாது.

வெப்பம் இன்னொரு தொல்லையையும் தருகிறது. உடல் புதையும்போது தோலைச் சுற்றி நுரை அணைத்துக்கொள்வதால் காற்றோட்டம் குறையும், வியர்வை உலராது. இதற்காக உற்பத்தியாளர்கள் பல வழிகளைக் கையாள்கிறார்கள். நுரையின் குமிழிகளைத் திறந்த அறைகளாக அமைக்கிறார்கள், துளையிடுகிறார்கள், குளிர்ச்சியான ஜெல் மணிகளைக் கலக்கிறார்கள். ஜெல் தொடும்போது குளிர்வது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தை உறிஞ்சி வைக்கிறதே தவிர எங்கும் அனுப்பிவிடுவதில்லை. அறை சூடாக இருந்தால் சிறிது நேரத்தில் ஜெல்லும் அதே சூட்டுக்கு வந்துவிடும். மின்விசிறியும் திறந்த யன்னலும் செய்யும் வேலையை ஜெல் செய்யாது.

அமுக்கம் என்னும் ஆபத்து

இங்கேதான் வாப்பும்மாவின் பிரச்சினை வருகிறது. சுகதேகிகள் தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறோம். அதை நாம் உணர்வதுகூட இல்லை. புரள முடியாதவருக்கு என்ன நடக்கும்?

அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் படுக்கையில் செலுத்தும் விசை ஏறத்தாழ 500 நியூற்றன். அவர் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தால் பின்தலை, தோட்பட்டை, பிட்டம், குதிகால் ஆகியவையே தரையைத் தொடும். தொடும் பரப்பு 0.08 சதுர மீற்றர் எனக் கொள்வோம். சராசரி அமுக்கம் 6,250 பஸ்கல். உடல் வளைவுகளுக்கு இடங்கொடுக்கும் மெத்தையில் தொடும் பரப்பு 0.25 சதுர மீற்றராகப் பெருகினால் அமுக்கம் 2,000 பஸ்கலாகக் குறையும்.

இந்த எண்களை இரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். 1930இல் யூஜின் லண்டிஸ் என்ற ஆய்வாளர் மனித விரல் நகத்தடியிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் இரத்த அமுக்கத்தை அளந்தார். குழாயின் நாடிப் பக்கத்தில் சராசரி 32 மில்லிமீற்றர் இரசம் எனக் கண்டார். பஸ்கலில் அது ஏறத்தாழ 4,300. வெளியமுக்கம் இதைவிட அதிகமாகி நெடுநேரம் நீடித்தால் நுண்குழாய்கள் நசிந்து, தோலுக்கு ஒட்சிசன் போகாமல் தடைப்படலாம். முதியவர்களிலும் நோயாளரிலும் இதைவிடக் குறைந்த அமுக்கமே தீங்கு செய்யக்கூடும் என்பதால் 32 என்பது பாதுகாப்பான எல்லைக் கோடாகாது. ஆனால் படுக்கைப் புண் ஏன் எலும்பு துருத்தும் இடங்களில் தோன்றுகிறது என்பதை இந்தக் கணக்கு விளக்குகிறது.

வீடு வந்து மூன்றாம் வாரம், வாப்பும்மாவின் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய்க் குற்றியளவு சிவப்பை உம்மா கண்டார். வீட்டுக்கு வந்து பார்த்த தாதி விரலால் அவ்விடத்தை அழுத்தி எடுத்தார். தோல் வெளிறி மீண்டும் சிவந்தது. "இன்னும் வெளிறுது, அதனால பயமில்ல. அழுத்தியும் சிவப்பு மாறாம நிண்டா அதுதான் புண்ணோட முதல் படி" என்று சொல்லித் தந்தார். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ தடித்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் முதியவர் இருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சோதனை இது.

அப்படியானால் மெமரி ஃபோம் உதவுமா? உதவும். வைத்தியசாலைகளில் பயன்படும் பழைய கடின மெத்தையைவிட அமுக்கத்தைப் பரப்பும் தரமான நுரை மெத்தைகள் படுக்கைப் புண் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, ஆழம். ஆழமாகப் புதைந்தவர் தானாகப் புரள்வது கடினம். முதன்முதலில் கடையில் வாங்கி வந்த தடித்த மேல்விரிப்பில் படுத்த அன்றே வாப்பும்மா, "இது என்ன உள்ள இழுக்கிற மாதிரி இரிக்கி மகள், கையூண்டி எழும்பேலாம இரிக்கி" என்றார். அவரால் செய்ய முடிந்த சிறிய அசைவையும் மெத்தை பறித்துவிட்டால் நன்மை எங்கே? அதனால் அதைத் திருப்பிக் கொடுத்து, உறுதியான அடிமெத்தையின் மேல் 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள விரிப்பை வாங்கினோம். கையூண்டினால் அடியில் தாங்குதல் கிடைத்தது.

இரண்டாவது, உறை. நம் வீடுகளில் புது மெத்தை அழுக்காகிவிடும் என்று பொலித்தீன் உறையைக் கழற்றாமலே வருடக்கணக்கில் பாவிக்கிறோம். இறுக்கமான பிளாஸ்டிக் உறை தொட்டில் துணி போல உடலைத் தாங்கிக்கொள்ளும். நுரைக்குள் உடல் இறங்காது. விலை கொடுத்து வாங்கிய குணம் அங்கேயே வீணாகும், போதாக்குறைக்கு வியர்க்கும். நனையும் அச்சம் இருந்தால் நெகிழக்கூடிய நீர்புகா உறையை வாங்கி, அதன்மேல் தளர்வாக ஒரு பருத்தி விரிப்பைப் போடலாம்.

மூன்றாவதும் முக்கியமானதும், கைகள். எந்த மெத்தையும் அமுக்கத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. நோயாளியைக் குறித்த இடைவெளியில் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதற்கு மாற்றீடு இல்லை. எங்களுக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை என்று சொன்னார்கள். தொழுகை நேரங்களை அடையாளமாக வைத்து ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். சுபஹுக்கு வாப்பா, லுஹருக்கு உம்மா, அஸருக்கு நான், மஃரிபுக்குத் தம்பி, இஷாவுக்கு மீண்டும் வாப்பா. இடைப்பட்ட வேளைகளுக்கும் நடு இரவுக்கும் முறை வைத்தோம். குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. இழுத்து நகர்த்தாமல் விரிப்போடு தூக்கி நகர்த்துதல், ஏனெனில் உரசலும் தோலைக் கிழிக்கும். பத்து நாளில் அந்தச் சிவப்பு மறைந்தது, அல்ஹம்துலில்லாஹ். மெத்தையா மறைத்தது, பட்டியலா மறைத்தது என்று வாப்பா கேட்டார். இரண்டும்தான், ஆனால் பட்டியல் இல்லாமல் மெத்தை மட்டும் போதாது என்றேன்.

மின்பம்பியால் காற்றறைகள் மாறி மாறி ஊதப்படும் காற்று மெத்தையும் உண்டு. சற்றும் அசைய முடியாதவருக்கு வைத்தியர்கள் அதைப் பரிந்துரைப்பார்கள். வாப்பும்மாவால் ஓரளவு அசைய முடிந்ததால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

நம் மரத்துப் பால்

மெமரி ஃபோமைப் பற்றிப் பேசும்போது நமது நாட்டின் சொந்த நுரையை மறக்கக்கூடாது. 1876இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைக்க வைக்கப்பட்ட இறப்பர் நாற்றுகள் ஏறத்தாழ 1,900 கப்பலில் இலங்கைக்கு வந்தன. கம்பஹா அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் அவை நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் தோட்டங்கள் பரவின.

1929ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் டன்லொப் நிறுவன ஆய்வுகூடத்தில் ஈ. ஏ. மர்பி என்பவர், முட்டை வெண்கருவை அடிப்பது போல இறப்பர் பாலை அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, கந்தகத்தின் துணையோடு வேகவைத்து இறப்பர் நுரையைச் செய்தார். டன்லொப் முறை என்று இன்றும் அழைக்கப்படும் இதே வழியில் இலங்கையில் இறப்பர் பால் மெத்தைகள் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. 1932இல் தொடங்கப்பட்ட ரிச்சர்ட் பீரிஸ் நிறுவனத்தின் ஆர்பிக்கோ என்ற பெயர் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. அதே குழுமத்தின் இயற்கை நுரைத் தொழிற்சாலை பியகமவில் இயங்குகிறது.

இறப்பர் பால் மெத்தையைப் புரட்டிப் பார்த்தால் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். அவை அச்சிலுள்ள ஊசிகளால் உண்டாகின்றன. உள்வரை வெப்பம் சென்று நுரை சீராக வேக வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டவை. பிற்பாடு அவையே காற்றோட்டத்துக்கும் உதவுகின்றன. இறப்பர் பால் நுரை அமுக்கினால் உடனே எழும். வெப்பநிலையால் பெரிதாக மாறாது. கச்சான் காலத்திலும் மாரியிலும் ஒரே மாதிரி இருக்கும். புரள்வதற்கும் எளிது. எலும்பு துருத்தும் இடத்தை அணைத்துக்கொள்வதில் மெமரி ஃபோமுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். பாரமும் அதிகம். இறப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உகந்ததன்று. தென்னந் தும்பின் மேல் இறப்பர் பாலைத் தெளித்துப் பதப்படுத்திய தும்பு மெத்தையும் உண்டு. காற்றோட்டத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை. கடினமான படுக்கையை விரும்புவோருக்கு அது இன்றும் நல்லது.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பஞ்சு மெத்தையையும் தும்பு மெத்தையையும் வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது நம் உம்மாமார்களின் வழக்கம். பஞ்சுக்கு அது நல்லது. பொலியூரெதேனுக்கும் இறப்பர் பாலுக்கும் வெயில் பகை. புறஊதாக் கதிர் பட்டால் நுரை மஞ்சளித்து, நாளடைவில் பொடிப் பொடியாக உதிரும். நிழலில், காற்றோடும் இடத்தில் நிறுத்தி உலர்த்த வேண்டும். கடற்காற்றின் ஈரம் நிறைந்த எங்கள் பகுதியில் மெத்தையைத் தரையில் போட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டங்கள் உள்ள கட்டில் சிறந்தது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கடையில் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மெமரி ஃபோம் அடுக்கு எத்தனை சென்ரிமீற்றர்? அடியில் இருப்பது என்ன? உறையின் சிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அதன் அடர்த்தி எவ்வளவு? சொல்ல முடியாவிட்டால் மாதிரித் துண்டு கேட்டு நிறுத்துப் பாருங்கள்.

உள்ளங்கையால் அமுக்கி எடுத்தால் அச்சு மெதுவாக மறைகிறதா? குளிரூட்டிய கடையில் சோதித்தால் உங்கள் வீட்டில் அது இன்னும் மென்மையாக இருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

படுக்கப்போகிறவர் எவ்வளவு பாரம்? தானாகப் புரளக் கூடியவரா? அவரையே படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதாது, கால் மணி நேரமாவது படுக்க வேண்டும்.

புதிதாக வாங்கியதும் இரசாயன வாடை வரும். இரண்டு மூன்று நாள் யன்னலைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். சிறு குழந்தைகளை மென்மையான மெமரி ஃபோமில் படுக்க வைக்காதீர்கள். குப்புறப் புரண்டால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

விற்பவர் "இது எல்லா நோய்க்கும் நல்லது" என்று தொடங்கினால் இந்தக் கேள்விகளில் முதலாவதைக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும். மெமரி ஃபோம் நல்ல கண்டுபிடிப்புத்தான். உடற்சூட்டுக்கு இளகுவதும், மெதுவாக எழுவதும் அதன் பலம். நம்மூர் வெப்பத்தில் அளவுக்கு மேல் இளகுவதும், புரள்வோரைப் பிடித்து வைப்பதும் அதே குணங்களின் மறுபக்கம். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கு அதில் எவ்வளவு வாங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். சாச்சா அனுப்பிய காசில் மீதியானதை வாப்பும்மாவின் அறைக்கு ஒரு மின்விசிறி வாங்கச் செலவிட்டோம்.